சின்னக் கோட்டுக்கு அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். இந்த வருஷம் பட்டம் வாங்குகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். எனக்கு அறிவுரை வராது. உயிர்வேதியியல் ஆய்வகத்திலேயே காலத்தைக் கழித்தவன், அதனால் அங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குழாயில் நீலம் வரும், நீலம் அழுத்தமானால் பாஸ்பரஸ் அதிகம், அவ்வளவுதான். பெயர் ஃபிஸ்கே, ஒரு சின்னக் கோடு, சுப்பராவ். ஒரு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், "யாரப்பா இந்த சுப்பராவ்?" என்றேன். "ஃபிஸ்கேவுக்கு அசிஸ்டென்ட் சார்" என்றான் பையன். சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போனபிறகுதான், பதினொரு வருஷமாக நடத்துகிற எனக்கும் அதற்குமேல் ஒன்றும் தெரியாது என்று உறைத்தது.

அவர் எல்லாப்ரகட சுப்பராவ், 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர், படித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தி வந்தது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ்-க்குப் பதில் அதற்குக் கீழான எல்.எம்.எஸ்-தான் கிடைத்தது என்பார்கள். அப்புறம் ஹார்வர்டு. அங்கே ஃபிஸ்கேவோடு சேர்ந்து செய்த இந்த நீலச் சோதனை 1925-இல் வந்தது, செல்களுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.டி.பி. என்ற பொருளை 1929-இல் தசையில் கண்டார்கள். அங்கேயும் நிரந்தர வேலை இல்லை! 1940-இல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார்.

சுகாதாரத் துறையிலிருந்து வீடு வீடாக வந்து, நம் கண்ணெதிரே விழுங்குங்கள் என்று யானைக்கால் நோய் மாத்திரை கொடுப்பார்களே, நீங்களும் விழுங்கியிருப்பீர்கள், நான் மூன்று தடவை விழுங்கியிருக்கிறேன். அந்த டி.இ.சி. அவர் தலைமையில் லெடர்லியில் உருவானது. ரத்தப் புற்றுக்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட்டும் அங்கிருந்துதான். எல்.எம்.எஸ், நினைவிருக்கட்டும்.

சரி, இதைக் கேட்டதும் "எல்லாம் நம்மாள் ஒருவரே கண்டுபிடித்தார்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். அதுவும் அந்தப் பையன் சொன்ன பதில் மாதிரிதான், தலைகீழாக. ஏ.டி.பி-யை அதே வருஷம் ஜெர்மனியில் கார்ல் லோமானும் கண்டார். மருந்துகளுக்குப் பின்னால் ஒரு குழுவே இருந்தது, மெத்தோட்ரெக்சேட்டுக்கு முன்னோடியான மருந்தை ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர். யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் உட்கார்ந்து படிக்க வேண்டும், மார்க்ஷீட்டைப் புரட்டுகிற மாதிரி ஒரு நிமிஷத்தில் முடியாது.

நேரம் முடிகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். நேர்முகத் தேர்வு பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். "நாங்கள் செய்தோம்" என்று நீங்கள் சொன்னால், அதில் உன் கை எது என்று கேட்பார்கள், தயாராகப் போங்கள். நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்கிற பக்கம் உட்கார்ந்தால், கேட்டுவிட்டு எதிரே இருப்பவனை யோசிக்க விடுங்கள். கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றி... அதற்கு நேரமில்லை, பெயரையாவது குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.