ஆர்லாண்டோ நமக்குத்தான் வர வேண்டும்: நாளை அறிவிப்பு, இன்றே டிக்கெட் வாங்கிவிட்டேன்

வணக்கம் நண்பர்களே. இன்று 2024 டிசம்பர் 7, சனிக்கிழமை, மாலை நான்கு மணி தாண்டிவிட்டது. பக்கத்து அறையில் டெக்சாஸும் ஜார்ஜியாவும் மோதும் ஆட்டத்தை என் கணவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதைக்கூட விட்டுவிட்டு நான் உங்கள் முன் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நம் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி எந்த ஊரில் பவுல் ஆட்டம், அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டம், ஆடப்போகிறது என்பது நாளை பிற்பகலுக்குள் தெரிந்துவிடும். அது தெரிவதற்கு முன்பே, சற்று முன்னர்தான், நான் விமான டிக்கெட் வாங்கி முடித்தேன். அந்தச் சந்தோஷத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வாரம் ரிக்லி ஃபீல்டிலிருந்து நான் போட்ட வீடியோவைப் பார்த்தவர்களுக்கு என் மனநிலை புரியும். பேஸ்பால் மைதானத்தில் கோடு போட்டு ஆடிய அந்த ஆட்டத்தில் நார்த்வெஸ்டர்னை 38-28 என்று வென்றதோடு நம் கணக்கு 9 வெற்றி, 3 தோல்வி என்று முடிந்தது. வழக்கமான சீசனில் ஒன்பது வெற்றி என்பது 2007-க்குப் பிறகு நமக்குக் கிடைக்கவே இல்லை. போன ஆண்டு 5-7 என்று முடித்து, பவுல் ஆட்டத்துக்குத் தேவையான ஆறு வெற்றிகூட இல்லாமல் டிசம்பர் முழுவதும் மற்றவர்களின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதை நினைத்தால், பயிற்சியாளர் பிரெட் பீலெமா இந்த ஆண்டு செய்திருக்கும் வேலையின் அளவு தெரியும். இவ்வளவு செய்த அணிக்கு ஆர்லாண்டோவின் சிட்ரஸ் பவுலைவிடக் குறைந்த எதையும் நான் ஏற்கமாட்டேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தேசியச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் பிளேஆஃபில் இந்த ஆண்டிலிருந்து பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. அதில் இடம் கிடைக்காத நல்ல அணிகளை, கான்ஃபரன்ஸ்களுடன் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்திருக்கும் குழுக்களுடன்) செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பவுல்கள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. கல்யாணப் பந்தியில் யாரை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று இரு வீட்டாரும் கலந்து பேசி முடிவெடுப்பதைப் போன்ற காரியம் இது. வெற்றிக் கணக்கு பார்ப்பார்கள், ஆனால் அதை மட்டும் பார்க்கமாட்டார்கள். எத்தனை ரசிகர்கள் பயணம் செய்து வருவார்கள், தொலைக்காட்சியில் எத்தனை பேர் பார்ப்பார்கள், அதே அணி அண்மையில் அதே பவுலுக்கு வந்திருக்கிறதா என்பதெல்லாம் பேச்சில் வரும்.

நம் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் ஓரிகன், பென் ஸ்டேட், ஓஹாயோ ஸ்டேட், இண்டியானா ஆகிய நான்கும் பிளேஆஃபுக்குப் போகும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அவை போய்விட்டால் மிச்சம் இருப்பவர்களில் முதல் அணி நாம்தான். நமக்கு அடுத்து 8-4 என்று அயோவா இருக்கிறது. அதன் பிறகு 7-5 என்று மிச்சிகன், மின்னசோட்டா, ரட்கர்ஸ். பிக் டென் அணிகளில் பிளேஆஃப் போக மிச்சமானவற்றிலிருந்து முதலில் தேர்ந்தெடுப்பது சிட்ரஸ் பவுல். அதற்கடுத்தது டாம்பாவின் ரிலையாகுவெஸ்ட் பவுல். பிறகு நாஷ்வில்லின் மியூசிக் சிட்டி, சார்லட்டின் டியூக்ஸ் மேயோ, நியூயார்க்கின் பின்ஸ்ட்ரைப் என்று போகும்.

எனக்கு எரிச்சலூட்டுவது மிச்சிகனைப் பற்றிய பேச்சு. போன சனிக்கிழமை கொலம்பஸில் ஓஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வீழ்த்தியதிலிருந்து, அவர்கள் போன ஆண்டின் தேசியச் சாம்பியன் என்பதையும், அவர்களுடைய ரசிகர் கூட்டம் பெரியது என்பதையும் சொல்லி, ஆர்லாண்டோ அவர்களைத்தான் கூப்பிடும் என்று சிலர் உறுதியாகப் பேசுகிறார்கள். அந்த வெற்றி பெரிய வெற்றிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்டோபர் 19 அன்று நம் மெமோரியல் ஸ்டேடியத்தில் இதே மிச்சிகனை நாம் 21-7 என்று தோற்கடித்தோம். அதுவும் எப்படிப்பட்ட நாள்! 1924 அக்டோபர் 18 அன்று ரெட் கிரேஞ்ச் என்ற இளைஞர் இதே மைதானத்தின் அர்ப்பணிப்பு விழா ஆட்டத்தில் இதே மிச்சிகனுக்கு எதிராக முதல் பன்னிரண்டு நிமிடங்களில் பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் நான்கு டச்டவுன் போட்டாரே, அதன் நூற்றாண்டைக் கொண்டாடும் ஆட்டம் அது. கிரேஞ்சின் காலத்துச் சீருடையை நினைவூட்டும் உடையில் நம் பையன்கள் இறங்கினார்கள். அன்று "ஐ-எல்-எல்" என்று ஒரு பக்கம் கத்த, "ஐ-என்-ஐ" என்று மறுபக்கம் பதில் சொன்னதை நீங்கள் என் வீடியோவில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அடுத்த வாரம் முழுவதும் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு வெற்றி குறைவாக இருக்கும் அணியை, நேரில் நம்மிடம் தோற்ற அணியை, நமக்கு முன்னால் உட்காரவைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அயோவாவைப் பற்றிய கவலை எனக்குக் குறைவு. அவர்களுடைய ரசிகர்கள் எங்கே ஆட்டம் இருந்தாலும் திரண்டு போகிறவர்கள், அதில் அவர்களை நான் மெச்சுகிறேன். ஆனால் 2022 ஜனவரியில் கென்டக்கியிடம் தோற்றதும், இந்த ஆண்டு ஜனவரி 1 அன்று டென்னஸியிடம் 35-0 என்று தோற்றதும் அதே சிட்ரஸ் பவுலில்தான். ஒரே அணியை மறுபடி மறுபடி கூப்பிடுவதை ஆர்லாண்டோவும் விரும்பாது, பிக் டென்னும் விரும்பாது.

அதே காரணம் டாம்பா விஷயத்தில் நமக்கு எதிராகத் திரும்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்படித் திரும்புவது நமக்கு நல்லதுதான். 2023 ஜனவரி 2 அன்று நாம் டாம்பாவுக்குப் போய் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 19-10 என்று தோற்றோம். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன் காலமான தங்கள் பயிற்சியாளர் மைக் லீச்சின் நினைவாக அவர்கள் ஆடிய ஆட்டம் அது; 10-10 என்று இருந்தபோது நான்கு விநாடிகள் மிச்சம் வைத்து, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்தார்கள். ரேமண்ட் ஜேம்ஸ் ஸ்டேடியத்தில் நிற்கும் கடற்கொள்ளையர் கப்பலும் அதன் பீரங்கிச் சத்தமும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்தத் தோல்விக்குப் பிறகு இன்னும் பிடிக்காது. இரண்டே ஆண்டுகளில் மறுபடி நம்மைக் கூப்பிடுவதைவிட, டாம்பாவுக்கு மிச்சிகன் புதுமையாக இருக்கும். ஆர்லாண்டோவிலோ, நாம் கடைசியாகச் சிட்ரஸ் பவுல் ஆடியது 1990 ஜனவரி 1 அன்று. ஜெஃப் ஜார்ஜ் குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரராக) இருந்த அந்த அணி வர்ஜீனியாவை 31-21 என்று வென்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன.

இப்போது டிக்கெட் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் உங்களில் பலருக்கு இன்று இரவே பயன்படும். நார்த்வெஸ்டர்ன் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த இரவே சிகாகோவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு நேர் விமானம் பார்த்தேன். டிசம்பர் 29 போய் ஜனவரி 1 திரும்ப ஒருவருக்கு 189 டாலர் காட்டியது. செவ்வாய்க்கிழமை அதே விமானம், அதே இருக்கை, 347 டாலர். கைப்பெட்டிக்குத் தனிக் கட்டணம் வேறு. மூன்று பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது, அந்த விலைக்கு நான் வாங்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். பிறகுதான் நம் பல்கலைக்கழக ஊரான ஷாம்பெய்னிலிருந்து ஐ-74 சாலையில் கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இண்டியானாபொலிஸ் விமான நிலையத்தைப் பார்த்தேன்: 226 டாலர், நேர் விமானம், பெட்டியும் அந்த விலைக்குள்ளேயே! சிகாகோ ஓஹேருக்கு நாம் ஓட்டும் தூரத்தைவிட இது குறைவு, போக்குவரத்து நெரிசலும் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: இண்டியானாபொலிஸ் கிழக்கு நேரத்தில் இருப்பதால் போகும்போது ஒரு மணி நேரம் கைவிட்டுப்போகும், காலை விமானம் என்றால் அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான விஷயம், நான் ஏன் நேற்று வாங்காமல் இன்று மாலை நான்கு மணி வரை காத்திருந்தேன் என்பது. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான நிறுவனத்திடம் நேரடியாக டிக்கெட் வாங்கினால், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி (பணம் கட்டாமலேயே இருபத்து நான்கு மணி நேரம் அதே விலையில் இருக்கையைப் பிடித்துவைக்க விடும் நிறுவனங்களுக்கு மட்டும் இது கட்டாயமில்லை). பிளேஆஃப் பட்டியல் நாளை நம் நேரப்படி காலை பதினொரு மணிக்கு வரத் தொடங்கும், பவுல் அறிவிப்புகள் அதைத் தொடர்ந்து வரும். ஆகவே இன்று நான்கு மணிக்கு வாங்கிய டிக்கெட்டை, நம் அணி வேறெங்காவது போகிறது என்று தெரிந்தால், நாளை நான்கு மணிக்கு முன் ஒரு டாலர் இழக்காமல் விட்டுவிடலாம். அறிவிப்பு வந்த பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்து விலையை ஏற்றும்போது நம் இருக்கை நம்மிடம் பத்திரமாக இருக்கும். இடைத்தரகு இணையதளங்களில் வாங்கினால் இந்த விதி அப்படியே பொருந்தும் என்று நம்பாதீர்கள். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் சேர்ந்து வந்திருக்கிறது. ஜனவரி 1 பிளேஆஃப் காலிறுதிகளுக்குப் போய்விட்டதால், இந்த ஆண்டு சிட்ரஸ் பவுலும் ரிலையாகுவெஸ்ட் பவுலும் டிசம்பர் 31 அன்று, ஒரே நாளில் நடக்கின்றன. ஆர்லாண்டோவிலிருந்து டாம்பாவுக்கு ஐ-4 சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம்தான். ஆர்லாண்டோ டிக்கெட் இரண்டு ஊருக்கும் செல்லும்! டாம்பா ஆட்டம் கிழக்கு நேரம் நண்பகலுக்குத் தொடங்குவதால் அதிகாலையில் கிளம்ப வேண்டியிருக்கும். ஆர்லாண்டோ ஆட்டம் மாலை மூன்று மணிக்குத்தான். நாஷ்வில் என்றால் டிசம்பர் 30, விமானமே வேண்டாம், ஐ-57-லும் ஐ-24-லும் ஐந்து மணி நேரம் ஓட்டினால் போய்விடலாம். என் கணவருக்கு நாஷ்வில்தான் விருப்பம், செலவு குறைவு என்கிறார். மகளுக்கு ஆர்லாண்டோ என்றாலே டிஸ்னி. நான் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், 31-ஆம் தேதி முழுவதும் ஆட்டம்தான், டிஸ்னி அதற்கு முந்தைய நாள். சார்லட் மட்டும் வேண்டாம். அங்கே வென்ற பயிற்சியாளரின் தலையில் ஒரு தொட்டி மயோனைஸைக் கொட்டுகிறார்கள். உணவை இப்படி வீணாக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 2021 டிசம்பரில் சவுத் கரோலினாவின் ஷேன் பீமர் தலையில் கொட்டியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதே முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சவுத் கரோலினா என்றதும் நினைவுக்கு வருகிறது, எதிரணியைப் பற்றி இன்னும் பேசவில்லை. ஆர்லாண்டோவிலும் டாம்பாவிலும் எதிரே வருவது எஸ்இசி என்ற தென்கிழக்குக் கான்ஃபரன்ஸின் அணிதான். அலபாமா, ஓல் மிஸ், சவுத் கரோலினா, மிசௌரி எல்லாமே நம்மைப் போல் 9-3. அலபாமா பிளேஆஃபுக்குள் நுழையுமா என்பது இன்று இரவு எஸ்எம்யூவும் கிளெம்சனும் ஆடும் ஆட்டத்தையும் பொறுத்தது. எனக்கு வேண்டியது சவுத் கரோலினா. தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்று, கடைசியில் கிளெம்சனை அதன் சொந்த ஊரிலேயே 17-14 என்று வீழ்த்தி வந்திருக்கும் அணி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் லனாரிஸ் செல்லர்ஸ் ஓடத் தொடங்கினால் பிடிப்பது எளிதல்ல. அப்படிப்பட்ட அணியை வென்றால்தான் பத்தாவது வெற்றிக்கு மதிப்பு. நாம் கடைசியாகப் பத்து வெற்றி பெற்றது 2001-இல், கடைசியாக ஒரு பவுல் ஆட்டத்தை வென்றது 2011 டிசம்பர் 31 அன்று யுசிஎல்ஏவுக்கு எதிராக. நம் குவார்ட்டர்பேக் லூக் ஆல்ட்மையரால் முடியும். ரட்கர்ஸ் ஆட்டத்தில் ஒரு புள்ளி பின்தங்கி, நான்காவது டவுனில், அதாவது கடைசி வாய்ப்பில், 13 யார்டு தேவைப்பட்டபோது, எதிரணி டைம்அவுட் கேட்டதால் செல்லாமல் போன அந்த 58 யார்டு ஃபீல்டு கோல் முயற்சிக்குப் பிறகு, பீலெமா மனதை மாற்றிக்கொண்டு அவரைத் திரும்ப இறக்க, பாட் பிரையண்டிடம் எறிந்து 40 யார்டு டச்டவுன் ஆக்கினாரே, நான்கு விநாடிகள்தான் மிச்சம் இருந்தன. அதைப் பார்த்த யாரும் இந்த அணியைச் சந்தேகப்படமாட்டார்கள்.

எனக்கு உண்மையான பயம் ஒன்றே ஒன்று. தேர்வுக் குழு இண்டியானாவையோ ஓஹாயோ ஸ்டேட்டையோ வெளியே விட்டுவிட்டால், அந்த அணி நேராக ஆர்லாண்டோவுக்கு வந்துவிடும், நாம் ஒரு படி இறங்குவோம். அது நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது, இல்லினாய் ரசிகர்கள் பயணம் செய்யமாட்டார்கள் என்ற பேச்சைப் பொய்யாக்குவது. அறிவிப்பு வந்ததும் பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்படும் இருக்கைகளிலிருந்தே ஆட்ட டிக்கெட்டை வாங்குங்கள். மறுவிற்பனைத் தளத்தில் பத்து டாலர் குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நம் பள்ளி எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்கை அடுத்த முறை பவுல்காரர்கள் எடுத்துப் பார்ப்பார்கள், மறுவிற்பனையில் வாங்கிய நாம் அந்தக் கணக்கிலேயே வரமாட்டோம்.

எந்த ஊர், எந்த எதிரணி என்று நீங்கள் நினைப்பதை இன்று இரவுக்குள் கீழே எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். இண்டியானாபொலிஸ் வழியாக வருகிறவர்கள் இருந்தால் எந்த விமானம் என்றும் சொல்லுங்கள், விமான நிலையத்தில் வண்டி நிறுத்தும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நாளை நான்கு மணிக்கு முன் மறுபடி வருகிறேன். பக்கத்து அறையில் பெரிதாக ஏதோ சத்தம் கேட்கிறது, ஜார்ஜியா என்ன செய்தது என்று போய்ப் பார்க்கிறேன்.