ஆட்டத்துக்குள் பாடம்

நேயர்களுக்கு வணக்கம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களையும், வீட்டில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் இருக்கும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன்.

பல வகுப்புகளில் ஆடப்படும் ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குவோம். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். ஆசிரியர் ஓர் எழுத்தட்டையைக் காட்டுவார். சரியாகப் படித்தால் நிற்கலாம், தவறினால் வெளியே போய் உட்கார வேண்டும். வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் வெளியே போவது அந்த எழுத்து தெரியாத பிள்ளை. கடைசிவரை நின்று இருபது அட்டைகளைப் படிப்பது, முன்பே படிக்கத் தெரிந்த பிள்ளை. பயிற்சி யாருக்கு வேண்டுமோ அவருக்கு அது கிடைக்கவே இல்லை. இதைத் திருத்துவது எளிது. தவறிய பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். சரியான ஒலியைச் சொல்லிக்கொடுத்து, அட்டையை அந்தப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிடுங்கள். இன்னும் இரண்டு பேர் படித்து முடித்ததும் திரும்பி வந்து அதே அட்டையைக் கேளுங்கள்.

ஆகவே எந்த விளையாட்டை எடுத்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை முறை அந்தப் பாடத்தைச் செய்கிறது? பாடத்தைச் செய்யாமலே அதில் ஜெயிக்க முடியுமா? பெரிய ‘அ’ வரைந்து வண்ணம் தீட்டச் சொன்னால், இருபது நிமிடம் கை வண்ணம் தீட்டும், வாய் ஒரு முறைதான் ‘அ’ என்னும். அது நல்ல ஓவிய வேலை. எழுத்துப் பாடம் என்று அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பிள்ளைகள், ஒரே பந்து, ஒருவர் முறைக்கு இருபது விநாடி. பத்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரே ஒரு முறைதான் வரும், மீதி நேரமெல்லாம் காத்திருப்பு. சேட்டையும் சண்டையும் பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் முளைக்கின்றன. அதே முப்பது பேரை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்துப் பதினைந்து செட் பொருள் கொடுத்தால், அதே பத்து நிமிடத்தில் ஆளுக்குப் பதினைந்து முறை கிடைக்கும். பொருள் தயாரிக்க ஒரு மாலை நேரம் போகும்தான். ஆனால் ஆண்டு முழுக்க உழைக்கும்.

எண்ணுக்கு ஓர் அருமையான ஆட்டம் உண்டு. நீளமான அட்டையில் நேர்கோட்டில் பத்துக் கட்டங்கள் போடுங்கள், ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டராவது இருக்கட்டும். இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். இரண்டு நிறத்தில் இரண்டு காய்கள். பகடையின் மூன்று பக்கங்களில் 1, மூன்று பக்கங்களில் 2 என்று ஒட்டுங்கள். வழக்கமான ஆறு எண் பகடையைக் கொடுத்தால் மூன்று உருட்டலில் ஆட்டம் முடிந்துவிடும், எண்ணிப் பழக நேரமே இருக்காது.

இந்த ஆட்டத்தின் உயிர் ஒரே ஒரு விதியில் இருக்கிறது. காயை நகர்த்தும்போது கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும். காய் மூன்றில் நிற்கிறது, பகடையில் இரண்டு விழுகிறது என்றால், “நான்கு, ஐந்து” என்று சொல்லி நகர்த்த வேண்டும். “ஒன்று, இரண்டு” என்று சொல்லக் கூடாது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் சிலருக்கு இப்படி எண் எழுதிய அட்டையையும், சிலருக்கு எண் இல்லாமல் வண்ணம் மட்டும் தீட்டிய அட்டையையும் கொடுத்தார்கள். எண் அட்டையில் ஆடியவர்களுக்கு எந்த எண் பெரியது, எந்த எண் எங்கே வரும் என்ற அறிவு வளர்ந்தது. வண்ண அட்டையில் ஆடியவர்களுக்கு அப்படி வளரவில்லை. வட்டமான அட்டையைவிட நேர்கோட்டு அட்டையே கூடுதல் பலன் தந்தது என்பதையும் அடுத்து வந்த ஆய்வில் கண்டார்கள். காரணம் புரியக்கூடியதே. எட்டு என்ற எண்ணை அடைய, நான்கை அடைவதைப்போல இரண்டு மடங்கு தூரம் காய் போக வேண்டும், இரண்டு மடங்கு எண்களை வாய் சொல்ல வேண்டும். பெரிய எண் என்பதன் பொருள் கண்ணிலும் கையிலும் காதிலும் ஒரே நேரத்தில் பதிகிறது.

இதில் வரும் தவறு ஒன்றுதான். காய் நிற்கும் கட்டத்தையே முதல் கட்டமாகப் பிள்ளைகள் எண்ணிவிடுவார்கள். “இப்போது எங்கே இருக்கிறாய்?” என்று கேளுங்கள். “மூன்றில்” என்று சொல்லிக் காயை அதே இடத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகரட்டும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இரண்டாம் வகுப்புக்குக் குச்சி ஆட்டம். இரண்டு பேருக்கு ஒரு பை. அதில் 50 குச்சிகள், 5 ரப்பர் பேண்டுகள், வழக்கமான ஒரு பகடை. ஆளுக்கொரு தாள். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் ‘கட்டு’, வலப்பக்கம் ‘ஒற்றை’ என்று எழுதுங்கள். பகடையில் விழுந்த அளவு குச்சி எடுத்து ஒற்றையில் வைக்க வேண்டும். பத்து சேர்ந்ததும் ரப்பர் பேண்ட் போட்டு இடப்பக்கம் தள்ள வேண்டும். முதலில் இரண்டு கட்டு சேர்த்தவர் வென்றவர். ஒவ்வொரு முறையும் “ஒரு கட்டு, நான்கு ஒற்றை, பதினான்கு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரப்பர் பேண்ட் கொஞ்சம் தளர்ந்ததாக இருக்கட்டும். இறுக்கமானதைச் சின்ன விரலால் சுற்ற முடியாமல் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். அதற்காக முன்கூட்டியே கட்டி வைத்த கட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள். பத்து ஒற்றைகள் தன் கையிலேயே ஒரு கட்டாக மாறும் அந்தக் கணத்துக்காகத்தான் இந்த ஆட்டமே.

இருபத்து மூன்று என்று சொன்னால் 203 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவாக எழுதவில்லை. இருபது, மூன்று என்று காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது. 20 என்று ஓர் அட்டை, அதில் பாதி அகலத்தில் 3 என்று ஓர் அட்டை செய்யுங்கள். மூன்றை, இருபதின் பூஜ்யத்தின் மேல் வைத்து மூடட்டும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்பத்தொன்பதுக்கு அடுத்து “எண்பத்துப் பத்து” என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். ஒன்பது பத்துகள் சேர்ந்தவை தொண்ணூறு, ஆனால் அந்தப் பெயரில் காதுக்குக் கேட்பதோ நூறு. அதனால் 80-இலிருந்து 100 வரை எண்ணுவதற்கு மட்டும் தனியாகச் சில நாட்கள் ஒதுக்குங்கள்.

எழுத்துக்கு வருவோம். ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஒலியிலோ ‘க்’தான் முதலில் வருகிறது. ‘கொ’ என்றால் குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படிக்க அப்போதுதான் பழகிய பிள்ளைக்கு இது பெரிய குழப்பம். மூன்று மூன்று பேராகப் பிரித்து, ஒருவருக்குக் கொம்பு, ஒருவருக்கு ‘க’, ஒருவருக்குத் துணைக்கால் என்று அட்டை கொடுங்கள். நீங்கள் “கா” என்றால் கொம்பு உட்கார வேண்டும். “கெ” என்றால் கால் உட்கார வேண்டும். “கொ” என்றால் மூவரும் சரியான வரிசையில் நிற்க வேண்டும். நின்றதும் மூவரும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். ஐந்து எழுத்து முடிந்ததும் அட்டைகளைக் கைமாற்றிக்கொள்ளட்டும். பிறகு ‘க’வை எடுத்துவிட்டு ‘ம’, ‘த’, ‘ப’ என்று மாற்றுங்கள். அதன் பிறகு இரட்டைக்கொம்பு. ஔகாரத்தை மட்டும் தள்ளிப் போடுங்கள், அதன் குறி ‘ள’ எழுத்தைப் போலவே இருப்பதால் இந்தக் கட்டத்தில் குழப்பத்தைத்தான் கூட்டும். கு, சு, டு, நு போன்ற உகர எழுத்துகளுக்கு இந்த ஆட்டம் உதவாது. அங்கே குறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வெவ்வேறு வடிவம் எடுப்பதால், அவற்றைத் தனித்தனியாகத்தான் பழக்க வேண்டும்.

ல, ழ வேறுபாட்டுக்கு, வகுப்பின் இரு சுவர்களில் இரு எழுத்துகளை ஒட்டி ஓடவிடும் விளையாட்டு பிரபலம். ஆனால் கவனித்தால், முதலில் ஓடும் ஒருவரின் பின்னால் மற்றவர்கள் ஓடுவது தெரியும். யார் கேட்டு ஓடினார், யார் பார்த்து ஓடினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கு இரண்டு சின்ன அட்டைகள் கொடுத்துவிடுங்கள். “வழி” என்று சொல்லி, மனத்துக்குள் மூன்று எண்ணி, “காட்டு” என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கட்டும். வலி, வழி, அலை, அழை, வாலை, வாழை. முதல் சுற்றில் உங்கள் வாயைப் பார்க்கட்டும், அடுத்த சுற்றில் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். ‘ள’வை அடுத்த வாரம் சேர்க்கலாம். மூன்றையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் மூன்றும் குழம்பும்.

அந்த மூன்று விநாடி முக்கியம். கேள்வி கேட்டதும் ஆசிரியர்கள் ஒரு விநாடி போலத்தான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக நீட்டினால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோரும் கூடுகிறார்கள் என்று மேரி பட் ரோவ் என்ற கல்வியாளர் கண்டறிந்தார்.

மணலில் எழுத வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டில் மணல் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், மேலே போனால் கோடு மூடிக்கொள்ளும். தட்டின் அடியில் கருநிறத் தாள் இருந்தால் எழுத்து பளிச்சென்று தெரியும்.

எந்த ஆட்டமானாலும் விதிகளை விளக்கிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பிள்ளையை முன்னால் அழைத்து இரண்டு சுற்று ஆடிக் காட்டுங்கள். நிறுத்தச் சொல்லும் கைத்தட்டலையும் முன்பே பழக்கிவிடுங்கள். பொருளை எல்லாவற்றுக்கும் கடைசியில் கொடுங்கள். கையில் குச்சி வந்த பிறகு காது வேலை செய்யாது.

முடிக்கும்போது இரண்டு நிமிடம் மிச்சம் வையுங்கள். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டித்தான் பையில் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஐந்து கட்டு இருந்தால் பையை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு கட்டும் எட்டு ஒற்றையும் இருந்தால், இன்னும் எத்தனை குச்சி வேண்டும் என்று அந்த இருவரையே கேளுங்கள். சொல்லிவிட்டு, பெஞ்சுக்கு அடியில் தேடி எடுத்து வரட்டும். வணக்கம்.