நான்காம் நாள் அடுக்களைக்குள் போங்கள்

(ஜோர்டானுக்கு அரபி படிக்கப் போக விரும்பும் மாணவியருக்கும் பெற்றோருக்கும் குன்னூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, பெற்றோர்களே, என் அன்புத் தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கோடையில் ஜோர்டானின் தலைநகரான அம்மானுக்குப் போய் அரபி படிக்கலாமா என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். போய் வந்தவள் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். வகுப்பைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. காலையில் சில மணி நேரம் பாடம், மாலையில் வீட்டுப்பாடம், அவ்வளவுதான். தங்கும் வீட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: விடுதியா, ஒரு குடும்பத்தோடா? குடும்பத்தோடு என்று எழுதுங்கள். விடுதியில் வசதி கூடுதலாக இருக்கலாம். இருந்தாலும் குடும்பத்தோடு என்றே எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. அரபியில் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. செய்தித்தாளிலும் வகுப்பிலும் இருப்பது ஃபுஸ்ஹா. வீட்டிலும் கடையிலும் பேசுவது ஆம்மியா, அது ஊருக்கு ஊர் மாறும். ஒரு பெண்ணிடம் 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்பதை வகுப்பில் 'மாதா துரீதீன்' என்று படிப்பீர்கள். அம்மான் வீட்டில் 'ஷூ பித்திக்' என்பார்கள். இதைக் கேட்டதும் வேறு நாட்டு மாணவர்கள் பலர் மலைத்துப் போவதைப் பார்த்தேன். நாம் மலைக்க வேண்டியதில்லை. மேடையில் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று பேசிவிட்டு வீட்டுக்குப் போய் 'வந்துட்டிருக்காங்க' என்பவர்கள் நாம். சார்ல்ஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்த இரட்டை வழக்கை விளக்கி 1959-ல் எழுதிய கட்டுரைக்கு அரபிதான் முக்கியமான எடுத்துக்காட்டுகளில் ஒன்று. பின்னால் வந்த அறிஞர்கள் தமிழையும் அந்த வரிசையில் வைத்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். எழுத்து வழக்கை வகுப்பு கொடுத்துவிடும். பேச்சு வழக்கை வீடுதான் கொடுக்க வேண்டும்.

இந்த மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு பலமும் உண்டு. வீட்டில் படுகு, பள்ளியில் தமிழ், கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளமும் கன்னடமும் என்று வளர்ந்தவர்கள் நீங்கள். 1935-ல் முர்ரே எமனோ என்ற மொழியியல் அறிஞர் நீலகிரிக்கு வந்து, தோடர், கோத்தர் மொழிகளை அந்த மக்கள் வாயிலிருந்தே கேட்டுக் கேட்டு எழுதினார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நம் மலைக்காரர்கள். அரபியில் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒலிகளை நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். தோடர் மொழியில் உரசொலிகள் எவ்வளவு மிகுதி என்று முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்புப் பக்கம் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். மனித வாய்க்கு எதுவும் பழகும்.

சரி, போய் இறங்கிவிட்டீர்கள். விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இரவாகிவிடலாம். அந்த நேரத்திலும் சாப்பாடு காத்திருக்கும். போதும் என்று ஒருமுறை சொன்னால் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நம் வீட்டிலும் அப்படித்தானே. சைவம் சாப்பிடும் பிள்ளைகள் அதை முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். ஆட்டிறைச்சியைக் காய்ந்த தயிர்க் குழம்பில் வேகவைத்துச் செய்யும் மன்சஃப்தான் அந்த நாட்டின் பெருமைக்குரிய விருந்து. அதை உங்கள் முன் வைத்த பிறகு மறுப்பது அவர்களுக்கு வருத்தமாக இருக்கும். மற்றபடி பட்டினி கிடக்க வழியே இல்லை. கொண்டைக்கடலையில் ஹும்முஸ், பயறும் சோறும் சேர்த்த முஜத்தரா, ரொட்டிக்கு ஆலிவ் எண்ணெயும் சஅத்தர் என்ற மூலிகைப் பொடியும். அவரை சாப்பிட்டு வளர்ந்த படுகர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபூல் நிச்சயம் பிடிக்கும், அதுவும் ஒரு வகை அவரைதான்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அரபு மரபிலும் விருந்தோம்பலுக்கு மூன்று நாள் கணக்கு உண்டு. அந்த மூன்று நாள் அவர்கள் உங்களை எந்த வேலையும் தொட விடமாட்டார்கள், நீங்களும் தொட வேண்டாம். நான்காம் நாள் நீங்களாக எழுந்து அடுக்களைக்குள் போக வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான். அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு வினைச்சொல் மனப்பாடம் செய்கிற பெண் கடைசி வரை விருந்தாளியாகவே இருந்து திரும்புவாள்.

திராட்சை இலையில் அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டும் வரக் தவாலி என்ற பண்டம் ஒன்று இருக்கிறது. விரல் பருமனுக்கு ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பானையில் அடுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். அதனால் வீட்டுப் பெண்களும் பக்கத்து வீட்டுப் பெண்களும் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். கை சுருட்டும், வாய் பேசிக்கொண்டே இருக்கும். யார் வீட்டில் நிச்சயதார்த்தம், எவன் வாடகை ஏற்றினான், மருமகள் ஏன் வரவில்லை. முதலில் ஒன்றும் புரியாது. ஆனால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். வேலை கையில் இருப்பதால் உங்களை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள், பதில் சொல்லும்படி நெருக்கவும் மாட்டார்கள். அந்த நிம்மதியில்தான் காது திறக்கும். நீங்கள் சொன்னது தப்பாக இருந்தால் வீட்டுக் குழந்தை உடனே திருத்தும். வகுப்பு ஆசிரியரைவிட அது கண்டிப்பானது, ஆனால் அன்பானது.

பெற்றோர்களே, உங்களுக்காக ஒன்று. பெண் பிள்ளையை எப்படித் தனியாக அனுப்புவது என்று கேட்கிறீர்கள். இந்த வட்டத்தில் உட்காரும் வாய்ப்பு பெண்ணுக்குத்தான் கிடைக்கிறது. பெண்கள் கூடிப் பேசும் அறைக்குள் வெளி ஆண் போக முடியாது. உங்கள் மகள் போகலாம்.

வீட்டு அம்மாவைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். மூத்த மகன் பெயருக்கு முன் 'உம்மு' சேர்த்து அழைப்பது அங்கே மரியாதை. சற்று நெருக்கம் வந்த பிறகு 'காலத்தி' என்று கூப்பிடலாம், நாம் சித்தி என்பது போல.

தண்ணீர் விஷயத்திலும் கவனமாக இருங்கள். ஜோர்டான் உலகிலேயே தண்ணீர் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. அம்மானில் பல பகுதிகளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும், மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்து வாரம் முழுவதும் ஓட்டுவார்கள். துணி துவைப்பது, வீடு கழுவுவது எல்லாம் அந்த முறை நாளில்தான். கோடைக் குன்னூரில் குழாய்க்காகக் காத்துக் கிடந்த வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த நாளில் விடிகாலையில் எழுந்து வாளியோடு நில்லுங்கள். கூடலூரில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் அங்கே வானத்திலிருந்து ஒரு சொட்டு விழாது. நம் மழையைப் பற்றி அவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். நீளமாகப் பேச அது நல்ல பொருள்.

வீட்டுக்குத் தினமும் மாலையில் போன் பேசுவதை மட்டும் இரு தரப்பும் குறைத்துக்கொள்ளுங்கள். அங்கே வெயில் தாழ்ந்து காற்று வீசும்போதுதான் குடும்பம் ஒன்றாக உட்காரும், உறவினர் வருவார்கள். அந்த நேரத்தைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டால் அரபிக்கு நேரம் ஏது? அம்மாமார்கள் காலையில் கூப்பிடுங்கள்.

பரிசாக நம் தேயிலையைக் கொண்டு போங்கள். தூள் வேண்டாம், ஆர்த்தடக்ஸ் இலைத் தேயிலை வாங்குங்கள். அவர்கள் பால் விடாமல், புதினாவோ மரமிய்யா என்ற சேஜ் மூலிகை இலையோ போட்டு, சர்க்கரை தூக்கலாகக் குடிப்பார்கள்.

எழுத்தை இங்கேயே கற்றுக்கொண்டு போவது நல்லது. மொத்தம் 28 எழுத்துகள், வலமிருந்து இடம். எண்களில் ஒரு எச்சரிக்கை: கடைப் பலகையில் 0 போலத் தெரிவது 5, 7 போலத் தெரிவது 6. இதற்கெல்லாம் கோயம்புத்தூர் போய் வகுப்பில் சேர வேண்டாம். இந்த அரங்கிலேயே சிறு வயதில் மதரசாவில் ஓதிய தோழிகள் இருக்கிறார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்க அவர்களுக்குத் தெரியும். இன்று மாலையே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவுகிறேன்.