ரொட்டி காத்தவர்

நேயர்களுக்கு வணக்கம். நீதிமன்றத்தில் 31 ஆண்டுகள் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் குறிப்பேட்டில் 'மை லார்ட்' என்பது ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். வாய்தா கேட்க எழுந்த வழக்கறிஞர் ஒருவர் மூன்று நிமிடத்தில் 17 முறை சொன்னார், எண்ணிப் பார்த்தேன். நீதிபதியை இனி அப்படி அழைக்க வேண்டியதில்லை என்று இந்திய பார் கவுன்சில் 2006-இலேயே சொல்லிவிட்டது. நாக்கு கேட்டால்தானே!

அந்த லார்ட் யார் தெரியுமா? பழைய ஆங்கிலத்தில் அது 'ஹ்லாஃப்வேர்ட்'. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி, இன்றைய லோஃப். 'வேர்ட்' என்றால் காவலர். ஆஸ்பத்திரியில் வார்டு என்கிறோமே, அதே சொல்தான். ஆக, ரொட்டி காப்பவர். காலப்போக்கில் முன்னால் இருந்த ஹகரம் உதிர்ந்தது, நடு எழுத்து கரைந்தது, மிஞ்சியது லார்ட். வாளும் இல்லை, கிரீடமும் இல்லை, ரொட்டிதான். வீட்டுக்குத் தலைவர், எல்லோருக்கும் சோறு போடுகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் உணவகத்தில் பன்னைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்த ஓர் இளம் வழக்கறிஞரிடம் இதைச் சொன்னேன். "தம்பி, நீங்கள் நாளெல்லாம் கும்பிடுகிற சொல் உங்கள் கையில்தான் நனைந்துகொண்டிருக்கிறது" என்றேன். பன்னின் பாதி தேநீருக்குள் விழுந்தது. மறுநாள் மன்றத்தில் எழுந்து 'மை' என்றவர், என்னைப் பார்த்துவிட்டார். அடுத்த சொல் வரவில்லை, இருமல்தான் வந்தது. எனக்கும் பென்சில் வழுக்கியது. அன்றைய ஏட்டில் அந்த வளைவு இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.

ரொட்டி காப்பவர் ஒருவர் இருந்தால் தின்கிறவரும் இருக்க வேண்டுமே. இருந்தார். 'ஹ்லாஃப்-ஏட்டா', ரொட்டி உண்பவர். அதாவது அண்டிப் பிழைக்கும் வேலையாள். இன்றைய இங்கிலாந்தின் ஒரு பகுதியான கெண்ட் நாட்டு மன்னர் எத்தல்பெர்ட் 600-ஐ ஒட்டி இயற்றிய சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. ஒரு குடியானவனின் ரொட்டி உண்பவரைக் கொன்றால் ஆறு ஷில்லிங் ஈடு கொடுக்க வேண்டும். அதே சட்டத்தில் கட்டைவிரலை வெட்டினால் 20 ஷில்லிங்! நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல் உண்டு. அங்கே உண்ட சோறே ஆளுக்குப் பெயராகிவிட்டது. நான் வாங்கியதும் மாதச் சம்பளம்தான். ஆகவே அந்த ஆறு ஷில்லிங்காரரைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசுவேன்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். லேடிக்கு மூன்று நிமிடம் வைத்திருந்தேன், ஒரு நிமிடம்கூட இல்லை. 'ஹ்லேஃப்டிகெ', ரொட்டி மாவு பிசைபவள். பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' அந்தப் பின்பாதிக்கு உறவு. பால்பண்ணையைச் சொல்லும் 'டெய்ரி'யும் அதே குடும்பம்தான், ஏனென்றால்... சரி, நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.