கச்சா எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத உலோகம்

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சா எண்ணெய் வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது அடர்த்தியும் கந்தகமும்தான். நிக்கல் எவ்வளவு, வனேடியம் எவ்வளவு என்ற கேள்வி பிறகுதான் வரும். பத்து லட்சம் பங்கில் 50 பங்கு வனேடியம் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு 20,000 டன் எண்ணெய் காய்ச்சும் ஆலைக்குள் அது தினமும் ஒரு டன் வனேடியமாக நுழைகிறது. அவ்வளவும் எங்கே போய்ச் சேரும்?

1930களில் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், எண்ணெயில் வனேடியம் போர்ஃபைரின் என்ற மூலக்கூறுக்குள் சிறைப்பட்டிருப்பதைக் கண்டார். பச்சையத்தின் வழிவந்த மூலக்கூறு அது. பச்சையத்தில் மெக்னீசியம் இருந்த இடத்தில் இப்போது வனேடியமோ நிக்கலோ உட்கார்ந்திருக்கிறது. கனமான மூலக்கூறு என்பதால் காய்ச்சி வடிக்கும்போது பெரும்பகுதி அடிக்கசடிலேயே தங்கிவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் ஆவியோடு ஏறி, கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலாக்கும் வினையூக்கிப் பிளப்பு அலகுக்குள் போய்விடும். தொல்லை தொடங்குவது அங்கேதான்.

அந்த அலகில் நிக்கலும் வனேடியமும் செய்யும் கேடு வேறு வேறு. நிக்கல் எண்ணெயிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். பெட்ரோல் குறைந்து, வாயுவும் கரிப்படிவும் கூடும். வாயுவை இழுக்கும் கம்பிரஸர் திணறினால், உள்ளே விடும் எண்ணெயைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. ஆன்டிமனிச் சேர்மத்தை எண்ணெயோடு சேர்த்து விட்டால் நிக்கலின் வேகம் அடங்கும். வனேடியத்துக்கு அந்த மருந்து செல்லாது. கரியை எரிக்கும் மீட்பு உலையில், ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸில், ஆக்சிஜனும் நீராவியும் சேர்ந்து அதை வனேடிக் அமிலமாக்குகின்றன. அது ஒரு துகளிலிருந்து இன்னொரு துகளுக்குத் தாவி, வினையூக்கியின் உயிரான சியோலைட் என்ற நுண்துளைப் படிகத்தைக் கரைத்துவிடும். சோடியமும் கூட இருந்தால் அழிவு இரட்டிப்பு வேகம் பிடிக்கும். பழைய வினையூக்கியை வெளியேற்றிப் புதியதைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், செலவும் அதற்கேற்ப ஏறும். ஆர்சனிக்கைப் பொறுத்தவரை, நாஃப்தா என்ற லேசான எண்ணெயைப் பக்குவப்படுத்தும் அலகுகளின் வினையூக்கிகளுக்கு அது நூறு கோடியில் சில பங்கு என்ற அளவிலேயே நஞ்சு.

இனி அளப்பதைப் பார்ப்போம். தவறு பெரும்பாலும் கருவியில் நிகழ்வதில்லை, மாதிரி பாட்டிலில்தான் தொடங்குகிறது. மெழுகும் தண்ணீரும் துருவும் அடியில் தங்கிவிடும் என்பதால், பாட்டிலை இதமாகச் சூடாக்கி நன்றாகக் குலுக்கிய உடனே எடுக்க வேண்டும். மேலாக ஊற்றிய எண்ணெய் பொய் சொல்லும். சோடியம் பார்ப்பதானால் கண்ணாடி வேண்டாம், கண்ணாடியே சோடியம் கசியும்.

விரைவான வழி, ஒரு கிராம் எண்ணெயை ஒன்பது கிராம் சைலீன் என்ற கரைப்பானில் கரைத்து, அதிவெப்ப வாயுவில் உலோகம் விடும் ஒளியை அளக்கும் பிளாஸ்மாக் கருவிக்குள் நேரே தெளிப்பது. லேசான பாரஃபின் கரைப்பானை ஊற்றினால் ஆஸ்ஃபால்ட்டீன் என்ற கனமான தார்ப்பகுதி திரிந்து அடியில் விழும், நிக்கலும் வனேடியமும் அதோடு போய்விடும். ஒப்பிடும் தரக் கரைசல்களிலும் உலோகமில்லாத வெள்ளை எண்ணெய் கலந்து கெட்டித்தன்மையைச் சமமாக்குங்கள். எல்லாக் குடுவையிலும் ஒரே அளவு கோபால்ட் சேர்த்தால் தெளிப்பின் ஏற்ற இறக்கம் சரியாகும். பம்பில் பிவிசி குழாய் போட்டால் சைலீனில் ஊதிப்போகும். பிளாஸ்மா உருவாகும் டார்ச் குழாயில் கரி படிந்தால் வாயுவில் சிறிது ஆக்சிஜன் கலக்கலாம்.

நிதானமான வழி சாம்பலாக்குவது. எண்ணெயில் கந்தக அமிலம் சேர்த்து மெல்ல வற்ற வைத்து, மிஞ்சிய கரியை 525 டிகிரியில் உலையில் எரித்து, சாம்பலை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைப்பது. அவசரப்பட்டுச் சூடேற்றினால் பொங்கி வழியும், ஆய்வு அங்கேயே முடிந்தது. அமிலமில்லாமல் வெறுமனே எரித்தால் போர்ஃபைரின் ஆவியாகி அளவு குறைந்து வரும். பாதரசத்துக்கோ இந்த வழியே ஆகாது, அது அத்தனையும் புகையோடு போய்விடும்.

இரும்புக்கு மட்டும் இரண்டு வழியிலும் அளந்து பாருங்கள் என்பேன். சைலீன் வழியில் மிகக் குறைவாகவும் சாம்பல் வழியில் அதிகமாகவும் வந்தால், அந்த இரும்பு கரைந்திருக்கவில்லை, துருத்துகளாக மிதக்கிறது என்று பொருள். தெளிப்பானில் பெரிய துகள் ஏறாது. அப்படிப்பட்ட எண்ணெய் வினையூக்கிப் படுக்கையின் மேல்பரப்பில் ஓடுபோலப் படிந்து அழுத்தத்தை ஏற்றும். அதற்கு வினையூக்கியை மாற்றிப் பயனில்லை, தொட்டியையும் வடிகட்டியையும்தான் பார்க்க வேண்டும்.