சக்கரத்தடியில் ஒரு நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தத் திருவாரூர்த் தேரோடு பங்குனியில் ஒரு பகல் பொழுது இருந்துவிட்டு வருவது எப்படி என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு தேரின் உயரம் 96 அடி. எடை ஏறக்குறைய 300 டன். தேர்ச்சீலையும், உருளை உருளையாகத் தொங்குகிற துணித் தொம்பையும் காற்றில் ஆட, கீழ வீதியில் நிற்கிற அதைப் பார்த்தால் யாருக்குமே தலை தானாக மேலே போகும். கலசத்தைப் பார்ப்போம், கன்னத்தில் போட்டுக்கொள்வோம். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பதினோரு வயது வரைக்கும்.

அந்த வருஷம் என்னை அழைத்துக்கொண்டு போனது என் மாமா. தேர் மறுபடி ஓட ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. இதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் பழைய தேர் எரிந்துபோய், புதிதாகச் செய்த தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. மறுபடி வடம் பிடித்தது 1970-ல், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. இருபது வருஷத்துக்கு மேல் தேர் ஓடாத ஊராக இருந்திருக்கிறது திருவாரூர்! அதனால் என் மாமா வயசுக்காரர்களுக்கு அந்த நாட்களில் தேர் என்றால் தொலைந்துபோன பிள்ளை வீடு திரும்பிய மாதிரி.

விடியற்காலை பஸ் பிடித்துப் போய் இறங்கினோம். தெற்கு வீதியில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு வீட்டுத் திண்ணை. என்னை அதில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு மாமா சொன்னார்: "மேலேயே பார்க்காதேடா மாப்பிள்ளை. சக்கரத்தைப் பாரு. சக்கரத்துக்குப் பக்கத்துல யாரு போறான்னு பாரு."

பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்குச் சக்கரம். அதற்குக் கையெட்டும் தூரத்தில், குனிந்தபடியே நடந்து வந்தார் ஒருவர். தலையில் துண்டைக் கட்டியிருந்தார். கையில் நீளமான பிடி போட்ட கட்டை. முட்டுக்கட்டை! நாம் வாய்க்கு வந்தபடி "அவன் எல்லாத்துக்கும் முட்டுக்கட்டை போடுறான்" என்று திட்டுகிறோமே, அதே முட்டுக்கட்டைதான். தேரடியில் அது திட்டு வார்த்தை கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லையென்றால் தேர் வீதியில் ஓடாது, வீட்டுக்குள் போய்விடும்.

யோசித்துப் பாருங்கள், தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வடம் பிடிக்கிற ஆயிரக்கணக்கான பேருக்கும் முன்னால் இழுக்க மட்டும்தான் தெரியும். அப்படியானால் திருப்புவது யார்? கட்டைதான். தேர் வலப்பக்கம் ஒதுங்குகிறதா, இடப்பக்கச் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போடுவார்கள். அந்தப் பக்கம் தயங்கும், எதிர்ப்பக்கம் முன்னால் போகும், தேர் நேராகும். கட்டையை அரை நொடி முன்னால் போட்டால் தேர் நின்றுவிடும். அரை நொடி பின்னால் போட்டால் எதிர்வீட்டுத் தாழ்வாரம் போய்விடும். எல்லாம் கையின் கணக்கு.

கட்டை புளியமரத்தில் செய்வது. சக்கரம் ஏறி அழுத்தும்போது அது தரையோடு தேய்ந்துகொண்டே போகும். கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு புகை. ஆமாம், கட்டையிலிருந்து புகை வரும். கருகின மரவாசனையும் கற்பூர வாசனையும் கலந்து திண்ணைக்கு வந்தது எனக்கு இப்போதும் மூக்கில் இருக்கிறது. தேர் தாண்டிப்போன பிறகு, நசுங்கிப்போன ஒரு கட்டையிலிருந்து தெறித்த சிராயை மாமா பொறுக்கிக் கொடுத்தார். ஒருபக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று, மறுபக்கம் நார் நாராக. ஊரில் எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இன்னும் இருக்கிறது.

இதற்கு ஆழித்தேர் என்று பெயர். அப்பர் பெருமான் காலத்துச் சொல் அது, ஏழாம் நூற்றாண்டு. ஆழி என்றால் கடல், கடல் மாதிரி பெரிய தேர் என்று பொருள் சொல்லுவார்கள். ஆழி என்றால் சக்கரம் என்றும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தேர்க்காலில் கன்று விழுந்த கதையும் இந்த ஊர்க் கதைதானே? மனுநீதிச் சோழன் கல்தேர் கோயிலை ஒட்டியே இருக்கிறது. சக்கரத்தடியில் ஓர் உயிர் போனதை மறக்காத ஊரில், வருஷா வருஷம் சக்கரத்தை ஒட்டியே நாள் முழுக்க நடக்கிறார்கள் இந்த மனிதர்கள். வடத்தில் கை வைத்தவனுக்குப் புண்ணியம் என்கிறோம். கட்டை பிடித்தவரை ஏறெடுத்துப் பார்க்கிறோமா? பத்திரிகையில் வருகிற படத்திலும் கலசம் தெரியும், கூட்டம் தெரியும், அவர் தெரியமாட்டார். இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

இப்போது நிறைய மாறியிருக்கிறது. திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த இரும்புச் சக்கரம், அச்சு, ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் உண்டு. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. அந்தக் காலத்தில் தேர் நிலைக்கு வர நாள்கணக்கில் ஆகும், மாதக்கணக்கில்கூட ஆனதாகச் சொல்லுவார்கள். இப்போது அன்றைக்கே வந்துவிடுகிறது. பிரேக் வந்தது நல்லதுதான், உயிர் பெரிது. ஆனால் பிரேக் நிறுத்தும், திருப்பாது. திருப்புவதற்கு இன்றும் அதே புளியங்கட்டை, அதே குனிந்த முதுகு.

வீதி முனைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். தரையில் இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, அதன்மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் திருப்புவார்கள். அந்த நேரம் "ஆரூரா! தியாகேசா!" என்று கத்துகிற கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கட்டைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். 96 அடி கோபுரம் அரை அடி, அரை அடியாக முகம் திருப்பும். நேரமாகும். ஆகட்டும், அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

பாரி நாயனம் என்கிற இந்த ஊர் நாதஸ்வரம் பற்றியும், ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் பற்றியும் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். கமலாலயக் குளக்கரையில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பது பற்றியும். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று மட்டும்.

தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். கடைசிக் கட்டையைச் சக்கரத்துக்கு அண்டைகொடுத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, அங்கேயே தரையில் உட்காருவார் ஒருவர். பக்கத்துக் கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள். கட்டையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள், தருவார். சூடு ஆறியிருக்காது.

வணக்கம்.