கையை விட்டாலும் மருந்து இறங்கவில்லை, பாருங்கள்!

வணக்கம் நண்பர்களே! தொழுவத்திலிருந்தே பேசுகிறேன். கையில் என்ன இருக்கிறது பாருங்கள். கறவை மாட்டின் காம்பைக் கிருமி கொல்லும் அயோடின் மருந்தில் முக்கி எடுக்கிற குவளை, அதுவும் மருந்து திரும்பி வடியாத குவளை! எத்தனை வீடியோவில் இதைக் கேட்டுப் புலம்பியிருப்பேன், கிடைத்துவிட்டது.

அடிப்பாகத்தை அழுத்துகிறேன். அயோடின் மேல் கிண்ணத்துக்கு ஏறுகிறது. இப்போது கையை விடுகிறேன். இறங்குகிறதா? சொட்டுகூட இல்லை! இன்னொரு தடவை காட்டுகிறேன், கிட்டே பாருங்கள். அழுத்தினேன், ஏறியது, விட்டேன், அப்படியே நிற்கிறது. காம்பில் ஒட்டிய சாணமும் பாலும் கீழே இருக்கிற மருந்தோடு கலக்கவே வழியில்லை. அழுக்கு சேர்ந்தால் அயோடினின் வீரியம் போய்விடும். அதனால் மேல் கிண்ணம் கலங்கினால் கொட்டிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள். மிச்சத்தைக் கேனில் திருப்பி ஊற்றவே கூடாது.

ஸ்ப்ரே பாட்டில் எனக்கு ஆகவே ஆகாது, உங்களுக்கே தெரியும். நேற்று அடித்த கையோடு வெள்ளைக் காகிதத்தைக் காம்பில் சுற்றி எடுத்தேன். முன்பக்கம் பழுப்புக் கறை, பின்பக்கம் வெள்ளை வெளேர். அந்தப் பக்கக் கிருமியை யார் பார்ப்பது?

கறந்து முடித்ததும் காம்புத் துளை உடனே மூடாது. அரை மணி நேரமாவது திறந்திருக்கும். மாடு சாணத்தில் படுத்தால் கிருமி நேராக மடிக்குள் போய்விடும். அதனால் கறந்த உடனே காம்பை முழுசாக முக்கி எடுங்கள், துடைக்க வேண்டாம். முன்னால் தீவனம் போட்டு நிற்க வையுங்கள்.

அட, கறப்பதற்கு முன்னால் செய்வதைச் சொல்லவே இல்லை! முதல் இரண்டு மூன்று பீச்சைக் கருப்புக் கிண்ணத்தில் விடுங்கள், பால் திரிதிரியாக வந்தால், அதாவது மடிநோயின் அறிகுறி இருந்தால், பளிச்சென்று தெரியும். பிறகு கறவைக்கு முன் போடுகிற மருந்தில் முக்கி, 30 விநாடி விட்டு, நன்றாகத் துடையுங்கள். துடைக்காவிட்டால் மருந்து பாலில் சேரும். ஒரு மாட்டுக்கு ஒரு துணி, இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

இன்னொன்று, இப்படி மருந்தில் முக்குவது ஏற்கெனவே வந்த மடிநோயைக் குணப்படுத்தாது. அதற்குக் கால்நடை மருத்துவர்தான். அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள்.

மருந்து வாங்கும்போது காம்புக்கென்றே தயாரித்ததா, கிளிசரின் சேர்த்ததா என்று பாருங்கள். தோல் வறண்டு வெடித்தால் அந்த வெடிப்பிலேயே கிருமி குடியேறிவிடும். தரை கழுவுகிற கிருமிநாசினியைக் காம்பில் போடாதீர்கள், தயவுசெய்து!

சரி, அடுத்த மாடு கத்துகிறது, கறக்கப் போகிறேன்.